வினையை முன்னே கொண்டுவருதல்: கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரையும் கதையும் எழுதப் பழகுவோருக்கு

கிழக்கிலங்கையில், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவருக்கும், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளில் ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெறுவோருக்கும், ஆங்கில டிப்ளோமா பயில்வோருக்கும் முதலாவது ஒப்படையிலேயே ஒரு திகைப்பு ஏற்படுவதுண்டு. பள்ளிக்கூடத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்திருப்பார்கள். இலக்கணப் பயிற்சியில் நல்ல புள்ளியும் எடுத்திருப்பார்கள். ஆனால் 1500 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுங்கள் என்று சொன்னதும் முதல் வாக்கியத்திலேயே பேனை நின்றுவிடும். க.பொ.த. உயர்தரத்தில் பொது ஆங்கிலத்துக்கான புள்ளி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அந்த இரண்டு ஆண்டுகளும் பலருக்கு ஆங்கிலமின்றியே கழிந்துவிடுகின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதுவரை நாம் எழுதிய ஆங்கிலமெல்லாம் வினாவுக்கு விடையாக எழுதியதே தவிர, ஒரு வாசகருக்கு ஒன்றைச் சொல்வதற்காக எழுதியதல்ல என்பதாகும்.

நான் மாணவனாக எழுதிய முதலாவது ஆங்கிலக் கட்டுரை 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்தைப் பற்றியது. மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர், முகாம்கள் அமைக்கப்பட்டன, உணவு வழங்கப்பட்டது, பாதைகள் மூடப்பட்டன என்று பத்திரிகைச் செய்திபோல் அடுக்கிவிட்டு, மிகவும் சிறப்பாக எழுதிவிட்டேன் என்ற நம்பிக்கையோடு ஒப்படைத்தேன். அது திரும்பி வந்தபோது பிழை என்று எதுவும் வெட்டப்படவில்லை. ஓரத்தில் ஆறு இடங்களில் 'யார்?' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் சிவப்பு மையில் இருந்தது. அமைத்தவர் யார், வழங்கியவர் யார், மூடியவர் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே நடந்த விடயம் அது. தெரிந்தும் எழுதவில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஆறு கேள்விகளிலிருந்து பிறந்ததே.

வாக்கியத்தை அவிழ்த்துக் கட்டுதல்

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு போகலாம். வாசகர் பொறுமையாகக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முன்னேயே வந்துவிட வேண்டும். அவை தாமதித்தால் வாசகருக்கு மூச்சு முட்டும். தமிழில் எழுவாயைச் சொல்லாமலும் விடலாம், ஏனெனில் 'போனேன்', 'போனாள்', 'போனார்கள்' என்ற வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வசதி மிகக் குறைவு. எனவே நம் மாணவர் எழுதும் ஆங்கில வாக்கியத்தில் பெரும்பாலும் காணாமற்போவது ஆள். அந்த வெறுமையை மறைக்கத்தான் செயப்பாட்டு வினை வந்து குந்திக்கொள்கிறது.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. கீழ்வரும் தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மழை பெய்ததால் பாலம் மூடப்பட்டு, பஸ் வராமல், பரீட்சைக்குப் பிந்திப்போய், மண்டபத்துக்குள் விடப்படாத மாணவி அழுதாள்.' தமிழில் இதில் எந்தக் குறையும் இல்லை. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், 'அழுதாள்' என்ற சொல்லுக்கு வருவதற்குள் வாக்கியம் சிக்கிப்போகும். ஆகவே கொப்பியில் வினைகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: பெய்தது, மூடினார், வரவில்லை, பிந்தினாள், விடவில்லை, அழுதாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தவரை எழுதுங்கள். பாலத்தை மூடியது பொலிஸாரா, பிரதேச சபையா? உள்ளே விடாதவர் மேற்பார்வையாளரா, வாயிற்காவலரா? இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போதே கதை மாறத் தொடங்குவதைக் கவனியுங்கள்: வாயிற்காவலர் அந்த மாணவியின் ஊர்க்காரராகவும் இருக்கக்கூடும். பின்னர் இந்த ஆறு செயல்களில் எது முதன்மையானது என்று தீர்மானித்து, அதற்குத் தனி வாக்கியம் கொடுங்கள். மற்றவற்றை இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களில் அடக்குங்கள். ஒரு தமிழ் வாக்கியம் நான்கு ஆங்கில வாக்கியமாவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதல் மாதத்தில் நாளொன்றுக்கு ஒரு வாக்கியத்தை இப்படி அவிழ்த்துக் கட்டினாலே கையில் ஒரு பழக்கம் வந்துவிடும்.

தொலைபேசியிலுள்ள மொழிபெயர்ப்புச் செயலியை நம்புவோருக்கும் இங்கே ஒரு சொல். 'போனார்' என்பதுபோல் ஆண், பெண் காட்டாத வினையோடு எழுவாய் மறைந்த தமிழ் வாக்கியத்தை அதனிடம் கொடுத்தால், செய்தவர் ஆணா பெண்ணா என்பதை அது ஊகித்தே எழுதும். அம்மாவைப் பற்றிய பத்தியின் நடுவில் அம்மா ஆணாகிவிட்ட ஒப்படைகளை நான் கண்டிருக்கிறேன்.

சிறிய சொற்கள் தரும் தொல்லை

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' என்னும் இரண்டு சுட்டுச் சொற்களும் நம்மவருக்குத் தீராத தலைவலி. விதிகளை மனனம் செய்வதைவிட, தமிழில் ஏற்கெனவே உங்களிடமுள்ள ஓர் உணர்வைப் பயன்படுத்துவது எளிது. 'அவன் தோணி வாங்கினான்' என்பதற்கும் 'அவன் தோணியை வாங்கினான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் காதுக்குத் தெரியும். இரண்டாவதில் கேட்பவருக்கு அது எந்தத் தோணி என்று தெரியும், முதலாவதில் தெரியாது. அஃறிணைப் பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' இயல்பாக வந்து ஒட்டும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'த' வரும்; ஒட்டாமல் நிற்கும் இடத்தில் 'எ' வரும், அல்லது பன்மை வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பத்துக்கு ஆறேழு இடங்களில் கைகொடுக்கும்.

காலம் காட்டுவதிலும் இதேபோல் ஒரு பாலம் உண்டு. 'வந்திருக்கிறார்' என்பதிலுள்ள 'இரு' என்னும் துணைவினை ஆங்கிலத்தின் 'ஹேஸ்' என்பதற்கும், 'வந்திருந்தார்' என்பதிலுள்ளது 'ஹேட்' என்பதற்கும் நெருக்கமானது. ஒரே ஒரு பொறி மட்டும் இருக்கிறது: தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் 'நேற்று' என்று நாளைக் குறித்துவிட்டால் 'ஹேஸ்' வரக்கூடாது. மேலும் 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடுவதும், 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' சேர்ப்பதும் நமது பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வழக்கங்கள். தமிழ்–ஆங்கில அகராதி இவற்றைத் திருத்தாது. கற்போருக்கென எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்றை வாங்குங்கள். ஒவ்வொரு வினையும் தன் பின்னால் எதை ஏற்கும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அது காட்டும்.

கட்டுரை

கல்லூரிக் கட்டுரையில் மறுக்கக்கூடிய ஒரு கருத்து இருக்க வேண்டும். 'மட்டக்களப்பு வாவி மிகவும் முக்கியமானது' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆகவே அதை வைத்து ஐந்து பக்கம் எழுதினாலும் எதையும் சொன்னதாகாது. கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தை இடிக்காமல் விட்டது சரியா என்று கேட்டால் அது கட்டுரைக்கான பொருள். சரி என்போரும் பிழை என்போரும் இருப்பார்கள். சான்றுக்காக இணையத்தைத் தேடுவதற்கு முன்னர், ஒரு மாலை ஐந்து மணிக்குப் பழைய பாலத்தின் ஓரத்தில் ஒரு மணித்தியாலம் நின்று, யார் யார் எதற்காக அதில் வருகிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தூண்டில் போடுபவர், நடைபயிற்சிக்கு வருபவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் கூலித் தொழிலாளி, படம் பிடிக்கும் மணமக்கள் என்று உங்கள் கையிலிருக்கும் எண்ணிக்கை வேறெந்தக் கட்டுரையிலும் இருக்காது. 'பொதுமக்களால் பயன்படுத்தப்படுகிறது' என்ற வாக்கியம் அப்போது தானாகவே செத்துப்போகும்.

பத்தி அமைப்பைப் பற்றி ஒவ்வொரு கைநூலும் சொல்லும்: ஒரு பத்திக்கு ஒரு கருத்து, முதல் வாக்கியத்தில் அதைச் சொல், பின்னர் சான்று, பின்னர் விளக்கம். நம்மவரின் சிக்கல் விளக்கத்தில்தான். சான்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசகர் தாமே விளங்கிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம், அல்லது ஒரு பழமொழியைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பழமொழி தமிழ் மேடையில் கைதட்டு வாங்கும். ஆங்கிலக் கட்டுரையில் அது வாதம் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மேற்கோள் காட்டும் முறையை முதல் வாரத்திலேயே துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கியப் பாடங்களில் எம்.எல்.ஏ. முறையும் கல்வியியல், சமூகவியல் பாடங்களில் ஏ.பி.ஏ. முறையும் பரவலாக வழங்குகின்றன. முன்னதன் ஒன்பதாம் பதிப்பு 2021இலும் பின்னதன் ஏழாம் பதிப்பு 2019இலும் வெளிவந்தன. அண்ணன்மார் தரும் பழைய குறிப்புகளில் முந்திய பதிப்பின் விதிகள் இருக்கக்கூடும். மற்றொருவரின் வாக்கியத்தில் நான்கு சொற்களை மாற்றிவிட்டு உங்களுடையதாகக் கொடுப்பது களவு. அதைப் பிடிப்பதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. முன்பத்தியும் பின்பத்தியும் உங்கள் குரலிலும் நடுப்பத்தி வேறு குரலிலும் இருந்தால் அனுபவமுள்ள விரிவுரையாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

கதையும் கவிதையும்

புனைவு எழுதுவதற்கு வரும் மாணவர் முதலில் செய்யும் காரியம் ஊரை விட்டு ஓடுவதுதான். வாழ்நாளில் பனி விழுவதைக் காணாதவரின் கதையில் பனி விழுகிறது. கதாநாயகி கணப்பு அடுப்பின் முன்னால் அமர்ந்து கண்ணீர் விடுகிறாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயல் வெடித்துக் கிடப்பதையும் மாரியில் அதே வயல் வாவியோடு ஒன்றாகிவிடுவதையும் அவர் ஆண்டுதோறும் கண்டிருக்கிறார். அதை எழுத வேண்டும் என்று தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லை என்பதுதான் வழக்கமான சாட்டு.

சொல் இல்லை என்பது பாதி உண்மை. நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்றாகப் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிடும். நெல்லுக்கு அது வைத்திருக்கும் 'பாடி' என்ற தனிச்சொல்லும் மலாய் மொழியிலிருந்து பெற்றதே. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை தமிழிலிருந்து போய் ஆங்கில அகராதிகளில் குடியேறிவிட்டன. ஆகவே போடியார் (பெருவயல் உடையவர்), வட்டை (வயல்வெளி), முல்லைக்காரன் (வயல் வேலையைப் பார்ப்பவர்), சூடு (அறுத்த கதிரின் குவியல்) என்னும் எங்கள் வயற்சொற்களை உங்கள் கதையில் அப்படியே வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. சாய்வெழுத்தில் போட்டு அவற்றை வேற்றாளாக்க வேண்டாம், கடைசியில் அருஞ்சொற்பட்டியலும் வேண்டாம் என்பது என் கருத்து. மாறாகக் கருதும் விரிவுரையாளர்களும் உண்டு. சொல்லை விளக்குவதற்குச் செயல் போதும். நூறு ஏக்கர் வட்டையின் வரம்பில் ஒருவர் குடை பிடித்து நிற்க, சேற்றில் நிற்பவர்கள் அவரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுக்கிறார்கள் என்று எழுதினால், போடியார் என்றால் யார் என்று எடின்பரோவிலிருக்கும் வாசகருக்கும் விளங்கிவிடும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் தமிழரின் ஆங்கிலக் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் வெளிறிப்போகின்றன. தமிழில் மரியாதை வினையில் இருக்கிறது. 'வா', 'வாரும்', 'வாங்க' என்ற மூன்று அழைப்புகளால் இருவருக்கிடையிலான உறவு முழுவதையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றே. தகப்பனைப் போடியார் ஒருமையில் அழைக்கிறார், மகனைப் பன்மையில் அழைக்கிறார், ஏனெனில் மகன் இப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுநர் என்று ஒரு காட்சி இருந்தால், தமிழில் இரண்டு விகுதிகள் அதைச் செய்துவிடும். ஆங்கிலத்தில் கதிரைதான் செய்ய வேண்டும்: மகனுக்குக் கதிரை போடப்படுகிறது, தகப்பன் விறாந்தைத் தூணோடு நிற்கிறார், மகன் உட்காராமல் தயங்குகிறான். கதிரையைப் போட்டவர் யார் என்று அடுத்த கேள்வி எழும். போடியாரின் மனைவியா, வேலைக்காரப் பையனா என்பதைப் பொறுத்து அவமதிப்பின் அளவு மாறும். எனவே உரையாடலை எழுதுவதற்கு முன்னர் ஒவ்வொருவரும் மற்றவரைத் தமிழில் எப்படி அழைப்பார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, அந்த வேறுபாட்டைக் காட்டக்கூடிய ஓர் உடலசைவையாவது தேடி எடுங்கள்.

முறைப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ நடக்கும் கதையில் ராத்தாவும் (அக்கா) காக்காவும் (அண்ணன்) வாப்பாவும் (தகப்பன்) அப்படியே இருக்கட்டும். வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் ஒரு கிழவி பேரனை 'மனே' என்று கூப்பிடுவதும் அப்படியே இருக்கட்டும். 'மறுகா' (பிறகு), 'ஒள்ளம்' (கொஞ்சம்) போன்ற வட்டாரச் சொற்களை அள்ளிக் கொட்டினால் மட்டும் கதை காட்சிச்சாலையாகிவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு சொல் போதுமானது. ஒருவர் பேச்சு முடிந்து மற்றவர் பேசும்போது புதிய பத்தி தொடங்க வேண்டும் என்பது ஆங்கிலத்தில் கட்டாயம். தமிழில் 'என்று', 'என' என்பன செய்யும் வேலையை அங்கே மேற்கோள் குறியும் பத்திப் பிரிவும் சேர்ந்து செய்கின்றன.

கவிதையைப் பொறுத்தவரை, ஆங்கில யாப்பில் நம்மவர் தடுமாறுவதற்குக் காரணம் காதுதான். தமிழில் அசை, நேரென்றும் நிரையென்றும் எழுத்தின் அளவால் பிரிகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை, விழாத அசை என்று பிரிகிறது. பதினான்கு அடிச் சொனெட் ஒன்றை எடுத்து, கூத்துப் பார்த்து வளர்ந்த கையால் மேசையில் தட்டித் தட்டி வாசியுங்கள்; எந்த அசையில் தட்டு விழுகிறது என்பது தெரிந்த பிறகுதான் சொந்தமாக எழுத முயல வேண்டும். கட்டற்ற கவிதை எளிது என்று நினைத்து நேரே அதற்குப் போவோர், ஒரு பத்தி உரைநடையை முறித்து முறித்து வைத்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டு மொழியிலும் கால் ஊன்றி நிற்க முடியுமா என்று ஐயப்படுவோர், காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எண்ணிப் பார்க்கலாம். யாழ்நூல் எழுதிய அதே கை, இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தின் 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றிருந்தது.

பிறரிடம் கொடுத்தல்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது: எழுதியவர் தம் பிரதியை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடுவார், வகுப்பில் மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள், அவர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். உங்கள் கல்லூரியில் அது இல்லாவிட்டால், நான்கு பேர் சேர்ந்து சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வாவிப் பக்கம் உட்கார்ந்தாலே போதும். நான்கு பேருக்கு மேல் கூடினால் கதையை விட்டுவிட்டுத் தேநீரைத்தான் பேசுவார்கள்.

நமக்கு இதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, மனம் நோகக்கூடாது என்று 'நல்லா இருக்கு' என்பதோடு நிறுத்திவிடுவது. மற்றது, இலக்கணப் பிழைகளை மட்டும் வட்டமிட்டுவிட்டுக் கதையைத் தொடாமலே எழுந்துபோவது. இதைத் தவிர்க்க, ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வரியில் வாசிப்பு நின்றது, எந்த இடத்தில் யார் என்ன செய்தார் என்பது மங்கிப்போயிற்று. இலக்கணத்தைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். எழுதியவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தால் தடுத்துவிடுங்கள். அவர் சொல்ல நினைக்கும் அந்த விளக்கம் பிரதியில் இருந்திருக்க வேண்டியது.

திரும்பி வந்த பிரதியை அன்றே திருத்தத் தொடங்க வேண்டாம். மூன்று நாள் போகட்டும். பிறகு உரத்து வாசித்து, நாக்கு தடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, பழைய பிரதியைப் பார்க்காமல் முழுவதையும் புதிதாக எழுதுங்கள். பார்த்து எழுதினால் பழைய வாக்கியங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். முதற்பிரதியில் 2000 சொற்கள் இருந்தால் இரண்டாவது பிரதி 1600ஆக வருவது நல்ல அறிகுறி.

இவ்வாறு மூன்று நான்கு முறை எழுதப்பட்ட கதைகள் ஏழெட்டுச் சேர்ந்த பிறகு, கிரேஷன் பரிசைப் பற்றி யோசிக்கலாம். இலங்கையில் பிறந்த மைக்கேல் ஒன்டாச்சி தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு 1992இல் நிறுவிய இந்தப் பரிசு, இலங்கையில் வாழ்வோர் ஆங்கிலத்தில் எழுதும் இலக்கியத்துக்கு ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. அச்சேறாத கைப்பிரதிகளையும் ஏற்றுவந்திருக்கிறது என்பதால், பதிப்பகத்தைத் தேடிக் கொழும்புக்கு அலையாமலே அனுப்பலாம். அனுப்புவதற்கு முந்திய இரவு செயப்பாட்டு வினைகளை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என்னுடைய கடைசித் தொகுப்பில் அவ்வாறு எண்ணியபோது நாற்பத்தொன்று இருந்தன; இருபத்தேழுக்கு ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்.